உன் மாமியாரோடு பேசி முடித்த பேரம்

சாரதா,

போன வெள்ளிக்கிழமை காலையில் நீ கிணற்றடியில் மயங்கி விழுந்தாய். இடுப்பில் கல்யாணி இருந்தாள். துவைக்கிற கல்லில் பட்டு உன் நெற்றி பிளந்தது. குழந்தைக்கு ஒரு கீறல் இல்லை. விழுகிற நேரத்திலும் அவளை மேலே வைத்துக்கொண்டு நீ அடியில் விழுந்திருக்கிறாய். நம் பிண்ணாக்குக் கடைக்குப் பக்கத்து அரிசி மண்டிக்கு மாப்பிள்ளை டிரங்க் கால் போட்டுச் சொன்னார். போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடலூர் பஸ்ஸில் ஏறினேன். இங்கு நலம், அங்கு நலமறிய ஆவல் என்று இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கக் கை வரவில்லை. நீ இருக்கிற இருப்பைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன் அப்படி எழுதினால் அது பொய்.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "உடம்புல ரத்தமே இல்லைய்யா. பொண்ணு சாப்புடுதா, தூங்குதா, யாராவது பாக்கறீங்களா? மூணு மாசம் கனமா எதையும் தூக்கக் கூடாது. இன்னொரு தடவை இப்படி விழுந்தா, அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை." நாலரை வயதாகியும் நடக்காத கல்யாணியைத்தான் அவர் கனமான எதையும் என்றார். அது உனக்கும் தெரியும். உன்னை எடை மேடையில் ஏற்றினார்கள். முள் நின்ற இடத்தைப் பார்த்து எனக்கு வெட்கமாகப் போயிற்று. தூரத்தில் வருகிற மாட்டைப் பார்த்தே எடை சொல்கிறவன் என்று சந்தையில் எனக்குப் பேர். ஆடிக்கும் பொங்கலுக்கும் வந்துபோகிற மகள் வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டு வந்ததை நான் பார்க்கவில்லை. புடவை மறைத்துவிட்டது என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "மாடு பொடவை கட்டறதில்லை, அதான் உங்களுக்குத் தெரியுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக் கூடத்தில் நானும் உன் மாமியாரும் மாப்பிள்ளையும் உட்கார்ந்து பேசி முடித்தோம். நீ உள்ளே படுத்திருந்தாய். முடிந்ததை மாப்பிள்ளை வந்து சொன்னபோது நீ தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். சந்தையில் அப்படித் தலையாட்டுகிற ஆள் உண்டு. விலை திகைந்தது, பேரம் முடிந்தது என்று நாம் கயிற்றைக் கையில் கொடுப்போம். மறுநாள் பொழுது விடியுமுன் மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பி வந்து, "ஊட்ல வாணாங்கறாங்க" என்று நிற்பான். நீயும் இந்நேரம் மனசுக்குள் திரும்பியிருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்காதே. மாப்பிள்ளை படிக்கட்டும், அவருடைய அம்மாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டட்டும். அந்த அம்மாளைப் பற்றி இதில் நல்லதும் வரும், மற்றதும் வரும். இரண்டையும் நேரில் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு புத்தி சொன்னால் நீ நம்ப மாட்டாய். உன் தம்பி கோபாலுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. மீசை வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. அவனைக் குளிப்பாட்ட இரண்டு பேர் வேண்டியிருக்கிறது. எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. முக்காலியில் உட்கார்ந்து நான் தேய்க்க, உன் அம்மா தண்ணீர் மொண்டு ஊற்றுகிறாள். அவன் சிரித்துச் சிரித்து எங்கள் இருவரையும் நனைக்கிறான். எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார் என்பதை நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பேசாமலே ஆளுக்கு ஒரு பக்கம் அதைச் சுமந்துகொண்டு திரிகிறோம். இது படுத்து எழுந்தால் போகிற களைப்பில்லை. ஆகவே எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்கு நான் எழுதப்போவதில்லை. எட்டு மாதத்தில் காய்ச்சலும் இழுப்பும் வந்து படுத்த குழந்தை இனி நடக்குமா, பேசுமா என்று டாக்டருக்கே தெரியவில்லை. பிண்ணாக்கு விற்கிறவனுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது, இது வெகுதூர வழி என்பது. வண்டியில் பூட்டிய மாடு படுத்துவிட்டால் சரக்கு நடு வழியில்தான் நிற்கும். சரக்கின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் முதலில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறவன்தான் ஊர் போய்ச் சேருவான்.

உன் அம்மாவின் வலது கண் எப்படிப் போயிற்று என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறாய். உடம்புச் சூட்டில் போயிற்று என்று சொல்லிவைத்தோம். நடந்தது வேறு. கோபாலுக்கு எட்டு வயது இருக்கும்போது அவளுக்கு ஓயாத தலைவலி. விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் மாதிரி வட்டம் தெரிகிறது என்றாள். ஆடி உழவுக்கு மாடு கேட்டு ஆட்கள் வந்து நிற்கிற சமயம். கடலூர் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வா என்றேன். "இவனை யாருகிட்ட வுட்டுட்டுப் போறது?" என்றாள். அவள் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு சந்தைக்குக் கிளம்பிவிட்டேன். அடுத்த மாதமும் அதே வலி, அதே கேள்வி. நந்தியாவட்டைப் பூவை ஒத்திக்கொண்டாள், விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டாள். வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்த அன்றுதான் கடலூருக்கு வண்டி பிடித்தோம். "ஏம்மா, இத்தனை நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று அங்கே கேட்டார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் ஒரு கண்ணில்தான் பார்வை மிச்சம்.

யாரிடம் விடுவது என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. நாம் குடியிருந்த தெருவில் ஒரு வீட்டிலும் கோபாலைச் சற்று நேரம் வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இல்லை. அவனை யாரும் பார்த்தால்தானே தெரியும்? பார்க்க விடாதவன் நான். மாட்டு வியாபாரத்தில் ஒரு தந்திரம் உண்டு. கால் தாங்குகிற மாட்டைக் கெட்டித் தரையில் நடக்க விடக்கூடாது, குறை தெரிந்துவிடும். ஆற்று மணலில் நடத்திக் காட்ட வேண்டும். மணலில் எல்லா மாடும் கொஞ்சம் தள்ளாடித்தான் நடக்கும். எது நொண்டி என்று வாங்குகிறவனுக்குப் பிடிபடாது. வெள்ளாற்று மணலில் அப்படி விற்றும் இருக்கிறேன், ஏமாந்து வாங்கியும் இருக்கிறேன். அந்தப் புத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஆள் வந்தால் கோபால் பின்கட்டில் இருக்க வேண்டும். அவன் பின்கட்டில் இருந்தால் உன் அம்மாவும் அங்கேதான். கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் நான் உன்னை மட்டும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். பிள்ளையை மறைத்தால் அவனை வைத்திருக்கிறவளும் சேர்ந்து மறைந்துபோகிறாள். இதைத் தெரிந்துகொள்ள ஒரு கண் போக வேண்டியிருந்தது. அதுவும் என் கண் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு ஒரு நாள் அவனைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். உன் அம்மா தெருமுனை வரை பின்னாலேயே வந்தாள். "நான் இல்லாம இவன் இருக்க மாட்டான். சோறு எறங்காது. அழுது அழுது மூச்சு நின்னுடுங்க. சொன்னா கேளுங்க." நான் கேட்கவில்லை. பருத்திக்கொட்டை மூட்டை மேல் அவனை உட்காரவைத்தேன். தவிட்டை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டான். தராசுத் தட்டை ஆட்டி ஆட்டி விட்டான். மத்தியானம் என் கையால் சோறு தின்றுவிட்டு மூட்டை மேலேயே தூங்கினான். சாயங்காலம் வீட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். "அழுதானா?" இல்லை என்றேன். "என்னைத் தேடினானா?" வியாபாரிக்கு அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லத் தெரியாதா? ஏனோ, "தேடலை" என்றேன். அவள் உள்ளே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அழுதாள். பகலில் தூங்கி எழுந்து முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தோடு அழுதாள்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை உன்னைப் பார்த்ததும் விளங்கியது. தையல் போட்டு ஊசி மயக்கத்தில் கிடந்த நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறந்தபோது, கல்யாணி உன் மாமியார் மடியில் படுத்துக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். மடக்கு மடக்காக, துப்பாமல், முரண்டு பண்ணாமல். நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டுத்தான் அழுதாய். பலவீனம் என்று மாப்பிள்ளை சொன்னார். அவர் நல்லவர், ஆபீஸ் காகிதம் தவிர வேறு எதையும் படிக்கத் தெரியாதவர். நீ இல்லாவிட்டால் குழந்தை அழும் என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாய். நீ இல்லாமலும் அழாமல் இருந்துவிடுமோ என்பதுதான் உன் பயம். இவளுக்காக நாலு வருஷம் தூக்கத்தையும் சோற்றையும் விட்டவளுக்கு அந்தப் பயம் வருவது இயற்கை. உன் அம்மாவுக்கும் வந்தது. அவள் நாலைந்து நாள் அழுதாள். பிறகு தலைக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பின்னிக்கொண்டாள். எத்தனையோ வருஷமாக அள்ளி முடிந்த முடி. "பாதி கொட்டிப்போச்சுங்க, பாத்தீங்களா?" என்று கையில் எடுத்துக் காட்டினாள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து அவளே அவனுக்குச் சட்டை மாட்டிக் கடைக்கு அனுப்பினாள்.

கடையோடு நிற்காமல் புவனகிரிச் சந்தைக்கும் அவனைக் கூட்டிப் போக ஆரம்பித்தேன். அங்கே விலையை வாயால் பேசமாட்டோம் என்பது உனக்குத் தெரியும். கையை மூடித் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து, இத்தனை என்று சொல்லுவோம். சுற்றி நிற்கிறவனுக்குத் தெரியாது. ஒரு நாள் பெரிய ஜோடி மாட்டுக்கு விலை நடக்கிறது. துண்டுக்குள் என் கையும் வாங்க வந்தவர் கையும். கோபால் என் பக்கத்தில் நின்றவன் தன் கையையும் உள்ளே நுழைத்துவிட்டான். நுழைத்தவன் அந்த ஆளின் விரலெல்லாம் சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான், விடவில்லை. அந்த ஆள் முழித்தார். "யோவ், என்னாய்யா உனக்கு மூணு கை இருக்குது?" கூட்டம் சிரித்தது. "ஒரே புடியா ஏத்திட்டான்யா வெலையை!" என்று ஒருவன் கத்தினான். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. துண்டை உதறிவிட்டு அவனை இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று பார்த்தேன். அந்த ஆளோ கையை விடுவித்துக்கொள்ளாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "உம் புள்ளையா? உன்னைவுடப் பெரிய தரகனா வருவான் போலக்குதே. நீயாச்சும் நடுவுல வெரலை வுடுவே" என்றார். அன்றைக்கு வியாபாரம் முடிந்தது. அடுத்த சந்தைக்கு அவர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "எங்கய்யா மூணாவது கை?"

அதன்பிறகு அவனை மறைக்க முடியாமல் போயிற்று. டீக்கடைக்காரர் பொறை ரொட்டியைப் பாலில் நனைத்துத் தருவார். பூக்காரம்மாள் "வாங்க மொதலாளி" என்று கூப்பிட்டு மூக்கைத் துடைத்துவிடுவாள். எல்லாரும் அப்படி இல்லை. கல்லெறிந்த பயல்களும் உண்டு. காலையில் இந்த முகத்திலா முழிக்கிறது என்று தெருவின் எதிர்ப்பக்கம் போனவர்களும் உண்டு. ஆனாலும் கடைத்தெருவில் ஐந்தாறு பேருக்கு அவனைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்துபோயிற்று. உன் அம்மா தன் அண்ணன் வீட்டுக்குப் புவனகிரிக்குப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தாள். வந்ததும் வராததுமாக, வீட்டை இப்படியா வைத்திருப்பது என்று என்னோடு சண்டை பிடித்தாள். சண்டை போடத் தெம்பு வந்திருக்கிறதே என்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்று உண்டு, யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள். பிள்ளை மேல் வெறுப்பு வருகிற நாளும் வரும். எனக்கு வந்திருக்கிறது. அதைக் கண்டு பயப்படாதே, பாவம் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளாதே. முக்கால்வாசி அது பசி, தூக்கக் குறைச்சல். அப்படிப்பட்ட நேரத்தில் அவனை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வருவேன். அதற்கு இன்னொரு கை வேண்டும். உன் வீட்டில் அந்தக் கை இருக்கிறது. அதைத்தான் நாலு வருஷமாகத் தொடவிடாமல் வைத்திருக்கிறாய்.

ஏன் என்று தெரியும். கல்யாணிக்கு இழுப்பு வந்து படுத்த பிறகு உன் மாமியார் உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். "எங்க வம்சத்துல இல்லாதது எங்கேருந்து வந்துச்சு? உங்கப்பன் மூடி வச்சுத் தள்ளிவுட்ட சரக்கு." குழந்தை தொட்டிலில் கிடக்க, ஒரு தாயிடம் சொல்கிற வார்த்தையில்லை. கோபால் பிறப்பிலேயே அப்படி, கல்யாணிக்குக் காய்ச்சலில் வந்தது. ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். சொன்ன வார்த்தை சொன்னதுதான். நீ அன்றிலிருந்து குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. உன் கோபத்தை நான் தப்பென்று சொல்லவில்லை. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்பது உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன்.

உன்னைப் பெண் பார்க்க அவர்கள் வந்த அன்று கோபால் வீட்டில் இல்லை. அண்ணாமலை நகர் மைதானத்தில் பிள்ளைகள் பந்தடிப்பதைப் பார்த்துவரட்டும் என்று கடையாளோடு அனுப்பிவைத்தேன். கடைத்தெருவுக்கே தெரிந்த பிள்ளையை, கடலூரிலிருந்து வந்த ஆறு பேருக்கு மறைத்தேன். தரகர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்று உன்னிடம் சொன்னேன். அவரிடம் சொல்லவேண்டாம் என்று சொன்னவன் நான்தான். கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்துகொண்டு, "கோபால் எங்கப்பா?" என்று கேட்டாய். காய்ச்சல், புவனகிரி மாமா வீட்டில் படுத்திருக்கிறான் என்றேன். காய்ச்சல் இல்லை. கல்யாணம் முடிகிறவரை அவனை அங்கே வைத்துக்கொள்ளச் சொல்லி நான்தான் விட்டேன். தலை ஆடிக்கு வந்த உன்னைத் திரும்ப அழைத்துப்போக உன் மாமியார் சொல்லாமல் கொள்ளாமல் வந்தாரே, அன்று கோபால் ஓடிவந்து எச்சில் வாயோடு அவரைக் கட்டிக்கொண்டானே, அப்போதுதான் அந்த அம்மாளுக்குத் தெரியும் உனக்கு இப்படி ஒரு தம்பி இருக்கிறான் என்று. உன்னை ஆற்று மணலில் நடத்திக் காட்டினேன் சாரதா. உன்னிடம் ஒரு குறையும் இல்லை, இருந்தும் காட்டினேன். அந்தக் கோபம் என் மேல் வந்திருக்க வேண்டியது. ஆறு வருஷமாக உன் தலையில் விழுந்துகொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் அந்தப் பேச்சை அவரே எடுத்தார். "சொன்னேன். இல்லைங்கலை. மூடி வச்ச சரக்குன்னு சொன்னேன். பொய்யா சம்பந்தி?" என்றார். பொய்யில்லை என்றேன். அவர் சண்டைக்குத் தயாராக வந்தவர். என்ன செய்வதென்று தெரியாமல் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "தப்பு என்னுது. அதை என்கிட்ட கேக்காம அவகிட்ட ஏன் கேட்டீங்க?" என்றேன். "உங்களை எங்க புடிச்சிக் கேக்கறது? வர்றீங்க, வாசல்லயே நின்னு பலகாரக் கூடையை வச்சிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடிடறீங்க. ஆறு வருசத்துல இந்த ஊட்ல ஒரு வாய் சோறு துன்னுருப்பீங்களா?" மாப்பிள்ளை நடுவில், "அம்மா, வுடேன். இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றார். "நீ சும்மா இருடா. பொண்டாட்டி எலும்பா போனதும் தெரியலை, புள்ளைக்கு எந்தக் கையில ஊட்டணும்னும் தெரியலை. ஆபீஸ்ல எவன் எவன் பட்டா எங்கேங்கறது மட்டும் தெரியும் உனக்கு." என்னைப் பார்த்துத் திரும்பினார். "நாலு வருசமா எம்பேத்தியை நான் கதவிடுக்குல பாக்கறேன். அஞ்சு பெத்தவ நான். ஒரு கொழந்தைக்குக் கஞ்சி குடுக்கத் தெரியாதா எனக்கு? கோவத்துல வந்த வார்த்தை. வாயில வந்துடுச்சு. அதை நான் முழுங்கறதா துப்பறதா? ஜாஸ்தியா பேசிட்டேன்னு இவகிட்ட போய்ச் சொல்லலாம்னா, இவ மூஞ்சியைக் குடுத்தாத்தானே?" அப்போது அவர் அழுதார். உனக்குக் கேட்டிருக்காது; சத்தம் வராமல் அழத் தெரிந்தவர்.

நான் பேரத்துக்கு வந்தேன். குழந்தையைக் காலை வேளையில் நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டும், அந்த வார்த்தை இனி வரக்கூடாது என்றேன். இரண்டுக்கும் சரி என்றார். "நான் ஒண்ணு கேக்கறேன், குடுப்பீங்களா?" என்றார். கேளுங்கள் என்றேன். நகையோ நிலமோ கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என் புத்தி அங்கேதான் போகும். "உங்க புள்ளையைக் கூட்டிக்கிட்டு வாங்க. கல்யாணத்துல எங்க ஒறமொறை பாக்க வேண்டியதை இப்பவாச்சும் பாக்கட்டும். எம்பேத்தியை இடுப்புல வச்சிக்கிட்டு இந்தத் தெருவுல நான் நிக்கணும்னா, உங்க புள்ளையோட நீங்களும் வந்து நிக்கணும். ஒரு தடவை வந்துட்டு ஓடறது இல்லை. மாசாமாசம்." விலை கேட்டதும் முகத்தில் காட்டக்கூடாது என்பது தொழிலின் முதல் பாடம். காட்டிவிட்டேன். முழங்கால் சரியில்லை, பஸ்ஸில் அவன் சத்தம் போடுவான், பொங்கலுக்கு ஒருமுறை வருகிறேனே என்று இறக்கிப் பார்த்தேன். "அந்தப் பொண்ணு கொழந்தையத் தூக்கிக்கிட்டுக் கெணத்துக்கும் அடுப்புக்கும் நாலு வருசம் நடக்கலையா?" என்றார்.

ஆகவே முடிந்தது இது. காலையில் காப்பி குடித்ததிலிருந்து மத்தியானச் சாப்பாடு வரை கல்யாணி உன் மாமியார் பொறுப்பு. குளிப்பாட்டுவதும் கஞ்சி கொடுப்பதும் தெருவில் வைத்துக்கொண்டு நிற்பதும் அவர். அந்த நேரம் நீ படுத்திருக்க வேண்டும். தூக்கம் வராவிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது. குழந்தை அழுதால் நீயாக வரக்கூடாது, அவர் கூப்பிட்டால் வரலாம். அவளுக்கு ஊட்டுவதற்கு முன்னால் நீ சாப்பிட வேண்டும். அவள் வைத்த மிச்சத்தைத் தின்பது இதோடு சரி. தண்ணீர் சேந்துவதும் மத்தியானத்துக்கு மேல் குழந்தையைத் தூக்கி இறக்குவதும் மாப்பிள்ளை. அவர் ஆபீஸில் இருக்கிற நேரம் குழந்தை பாயில் இருக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீங்கள் இருவரும் கல்யாணி இல்லாமல் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போய்வர வேண்டும். என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். டாக்டர் சொன்ன மூன்று மாதமும் இப்படி. அதற்குப் பிறகு மாற்ற வேண்டுமென்றால் நீ உன் மாமியாரோடு நேரில் உட்கார்ந்து பேசு, என்னைக் கூப்பிடாதே. மூடி வைத்த சரக்கு என்கிற பேச்சு அந்த வீட்டில் இனிக் கிடையாது. இதற்கு என் தரப்பில் விலை, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கோபாலின் கையைப் பிடித்துக்கொண்டு உங்கள் தெருவில் பகல் வெளிச்சத்தில் நடந்து வந்து, கூடத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து இலை போட்டுச் சாப்பிடுவது. குறைக்கச் சொல்லிக் கேட்டேன், உன் மாமியார் குறைக்கவில்லை. கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.